விதியை எழுதுகிறவர் யார்? களப்புக்கரையில் ஒரு மேசை ஆட்டம்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு ஞாயிறு பின்னேரம் அது நடந்தது. பாயின் நடுவே பெரிய பிரவுன் கடதாசி ஒன்றை விரித்து, அதில் மட்டக்களப்புக் களப்பைப் பென்சிலால் வரைந்திருந்தோம். ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை, இடையில் ஒரு துறை. ஐந்து பேர் சுற்றியிருந்து ஆடினோம். கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று கேட்டபோது, "முந்தி" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினோம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் துறையில் நிற்கும் சிப்பாயாக ஆடினான். கூத்துக்குப் பழகிய குரல் அவனுக்கு. "ஐசிய எடு. பையத் திற. எங்க போறாய்?" என்று கேட்டான். எதிரே தோணியால் இறங்கும் பெண்ணாக ஆடிய தங்கச்சி பகடையை உருட்டினாள். 2 விழுந்தது. நான் எழுதிய விதிப்படி 4க்குக் கீழே விழுந்தால் தோல்வி. தோற்றால் என்ன கெடுதல் நடக்கிறது என்பதை நடத்துநர் சொல்ல வேண்டும். நடத்துநர் நான்தான். சொல்ல வாயெடுத்தேன்.

"போதும் மனே. அத நிப்பாட்டுங்க."

சொன்னவர் ஆட்டத்தில் இருக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா. அம்மாவுடன் கதைக்க வந்து, வாசற்படியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுளகை அப்படியே வைத்துவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார். அவருடைய ஊர் படுவான்கரை. அந்தத் துறையை அவர் எத்தனை தரம், எப்படியான நாட்களில் கடந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கிழக்கில் சண்டை ஓய்ந்த 2007க்குப் பிறகு பிறந்த அந்தப் பொடியனுக்குத் தெரியாது.

அவனில் பிழை இல்லை. அவனை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது நான் எழுதிய விதி. அன்றிலிருந்து ஆட்ட விதிகளை நான் வேறுவிதமாக வாசிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அப்படி வாசித்தவற்றின் தொகுப்பு. எங்கள் ஊரில் இப்படி ஒரு ஆட்டத்தை எழுத நினைக்கும் இளையவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

எந்த ஆட்டத்தைச் சொல்கிறேன்?

ஆங்கிலத்தில் ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். தமிழில் பாத்திரமேற்பு ஆட்டம் என்று சொல்லலாம். மூன்று முதல் ஆறு பேர் வரை ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒவ்வொருவரும் கதையில் ஓர் ஆளாக இருந்து, அந்த ஆள் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஒருவர் மட்டும் நடத்துநர். ஊர், மழை, கடைக்காரர், எதிரி என்று மற்ற எல்லாமும் அவர் பொறுப்பு. ஒரு காரியம் சரிவருமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். வென்றவர், தோற்றவர் என்று பெரும்பாலும் யாரும் இல்லை. இரண்டு மணித்தியாலத்தின் முடிவில் எல்லாரும் சேர்ந்து சொன்ன ஒரு கதை மிஞ்சும்.

இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் அதை எழுதினார்கள். பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து பிறந்த ஆட்டம் அது. அதனால் அதன் விதிகளில் பெரும்பகுதி சண்டையைப் பற்றியே இருந்தது. ஒரு வாள் எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு அட்டவணை உண்டு. இழவு வீட்டில் என்ன பேசுவது என்பதற்கு அட்டவணை இல்லை.

2000க்குப் பிறகு சுயாதீன வடிவமைப்பாளர்கள் என்று ஒரு தலைமுறை வந்தது. பெரிய நிறுவனங்களைச் சாராமல், தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ சிறு புத்தகங்களாக எழுதித் தாங்களே விற்றார்கள். ஒரு விதி மேசையில் இருப்பவர்களை என்ன செய்ய வைக்கிறது என்ற கேள்வியை அவர்கள் விடாமல் கேட்டார்கள். சண்டைக்கு நூறு பக்கமும் பேச்சுக்கு அரைப் பக்கமும் இருந்தால், ஆடுபவர்கள் சண்டை பிடிப்பார்கள். அவர்களுடைய குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விதி அப்படித் தள்ளுகிறது.

தமிழில் 'விதி' என்ற ஒரே சொல் ஆட்டத்தின் ஒழுங்கையும் தலையெழுத்தையும் குறிக்கும். பாரதக் கதையில் சூதாட்டச் சபையைக் கூத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகடையைச் சகுனி உருட்டுவது என்று ஒத்துக்கொண்ட அந்த இடத்திலேயே பாண்டவர்களின் விதி முடிந்துவிட்டது.

எங்கள் ஊர் முன்னமே அறிந்தது

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் சொல்வதுண்டு. கொம்புமுறியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்தது கொம்புமுறி விளையாட்டு. ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, இரு பக்கமும் கயிறு கட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தக் கட்சி தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களைப் பாட்டால் ஏசுவதும் உண்டு. மழை இல்லாத காலத்திலும் நோய் பரவும் காலத்திலும் அம்மனைக் குளிர்விக்க இது நடந்தது. பண்டிதர் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்கள் இந்த மரபுகளைப் பதிந்துவைத்திருக்கின்றன. சிங்கள ஊர்களில் பத்தினி தெய்யோ வழிபாட்டில் இதே ஆட்டம் அங்கெலிய என்ற பெயரில் உண்டு. கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

வடிவமைப்பாளரின் கண்ணால் பார்த்தால் இதில் நான்கு தெரிவுகள் தெரியும். எந்தக் கட்சி என்பது பிறப்போடு வருவது. பலசாலிகள் எல்லாரும் ஒரே பக்கம் போய்ச் சேர முடியாது. முறிவது மரம், ஆள் இல்லை. ஏச்சுக்கு இடம் உண்டு, ஆனால் அதற்கென்று ஒரு நேரமும் ஒரு மெட்டும் உண்டு. யார் வென்றாலும் பலன் முழு ஊருக்கும். மழை கட்சி பார்த்துப் பெய்யாது. என் அம்மம்மா தென்சேரி, அம்மப்பா வடசேரி. ஒரே அடுப்பில் சமைத்து உண்டவர்கள் அந்த நாட்களில் மட்டும் ஆளுக்காள் எதிர்க்கட்சி. பகையை ஒரு வட்டத்துக்குள் வைத்து ஆடி, வட்டத்தை விட்டு வெளியே வர ஒரு வழியையும் அந்த விதி வைத்திருந்தது.

கூத்தும் அப்படியே. வடமோடியோ தென்மோடியோ, பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கும் நாளுக்கு 'சட்டங்கொடுத்தல்' என்று பெயர். யாருக்கு அருச்சுனன், யாருக்குக் கட்டியகாரன் என்பதை அண்ணாவியார் தீர்மானிப்பார். குரல், உயரம், வயது எல்லாம் பார்ப்பார். ஊருக்குள் அவரவருக்கு இருக்கும் நிலையும் அதில் வந்து சேரும். ராசா வேடம் யாருக்கு என்பதில் குடும்பங்கள் கோபித்துக்கொண்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் சீலாமுனைக் கூத்தர்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. கூத்தில் எதை மாற்றுவது என்பதை ஆடுகிற சமூகமே இருந்து பேசி முடிவெடுத்தது. சட்டத்தை யார் கொடுப்பது என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல.

முதல் தெரிவு: நடத்துவது யார்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழியில் நடத்துநர் ஒருவர். அவர் சொல்வதே உலகம். நல்ல நடத்துநர் கிடைத்தால் அது பெரிய சுகம். ஆனால் எங்கள் மேசைகளில் அந்தக் கதிரையில் போய் இருப்பவர் பெரும்பாலும் வயதில் மூத்த ஆண். ரியூசன் வகுப்பில் பேசாத பிள்ளை இங்கேயும் பேசாது.

ஜேசன் மோர்னிங்ஸ்டார் 2009இல் எழுதிய ஃபியாஸ்கோவில் நடத்துநரே இல்லை. உங்கள் முறை வந்தால் ஒன்றில் காட்சியை நீங்கள் தொடங்கலாம், அல்லது அதன் முடிவு நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்கலாம். இரண்டையும் நீங்களே செய்ய முடியாது. ஒன்றை எடுத்தால் மற்றது மேசைக்குப் போகும். அதிகாரத்தைப் பாதியாகப் பிளக்க இவ்வளவு சின்ன விதி போதும்.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். எங்கள் ஆட்டத்தில் களப்பு, சந்தை, கோயிலும் பள்ளிவாசலும், கச்சேரி என்று நான்கு அட்டைகள் இருக்கின்றன. எந்த அட்டை யார் கையில் இருக்கிறதோ, அந்த இடத்தில் கதை நடக்கும்போது அவரே நடத்துநர். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அட்டை கைமாறும். வாய் திறக்காமல் இருந்த ஒரு பிள்ளை கச்சேரி அட்டை கிடைத்த அன்று, படிவம் நிரப்ப வந்த என்னை மூன்று தரம் திருப்பி அனுப்பினாள். மேசை முழுக்கச் சிரித்தது. அவளுக்கு எல்லா அலுவலகமும் அத்துபடி. தாயோடு போய் வரிசையில் நின்று பழகியவள்.

இரண்டாவது: பகடை என்ன சொல்ல வேண்டும்?

என் முதல் விதியில் ஒரு பகடை. 4, 5, 6 விழுந்தால் வெற்றி. 1, 2, 3 தோல்வி. பாதிக்குப் பாதி. கதைக்கு இது நல்லதல்ல என்று பிறகு விளங்கியது. வெற்றி என்றால் காட்சி சட்டென்று முடிந்துவிடும். தோல்வி என்றால் நடத்துநர் அடிக்க வேண்டியவராகி விடுவார்.

வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் இதற்கு ஒரு வழி காட்டியது. பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அதைப் பின்பற்றின. இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நிலைமை கெடும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். அவற்றில் 10 அல்லது அதற்கு மேல் வருவது 6 விதம். 7 முதல் 9 வரை 15 விதம். 6 அல்லது அதற்குக் கீழ் 15 விதம். ஆளின் திறமைக்காக ஒன்றைக் கூட்டினால் இது 10, 16, 10 என்று மாறும். ஓரளவு திறமையுள்ள ஆளுக்கு அதிகம் நடப்பது நடுவில் உள்ளதுதான்: கிடைத்தது, ஆனால் சும்மா கிடைக்கவில்லை. களப்பில் தொழில் செய்பவரிடம் கேட்டால் இதையே சொல்வார். இறால் பட்டது, வலை கிழிந்தது. மீன் நிறைய, சந்தையில் விலை இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொன்று, விலையை யார் தெரிவது என்பது. அந்த ஆட்டத்தின் பல விதிகளில் ஒரு சிறு பட்டியல் இருக்கும். ஆடுபவரே அதிலிருந்து எடுப்பார். இப்போது எங்கள் விதியில் பகடை பிழைத்தால், நட்டப்படும் ஆளாக ஆடுபவரே தன் நட்டத்தைத் தெரிகிறார்: நேரம் போகும், பொருள் போகும், ஒருவர் மனம் நோகும், அல்லது ஒரு கடன் ஏறும். அன்று துறையில் அந்தத் தங்கச்சியிடம் இந்தப் பட்டியல் இருந்திருந்தால், "தோணி போய்விட்டது, அடுத்த தோணிக்கு நிற்கிறேன்" என்று சொல்லியிருப்பாள். நான் வாயெடுத்திருக்கவே மாட்டேன்.

மூன்றாவது: எதை எண்ணுகிறோம்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பில் குகையிலிருந்து கொண்டுவரும் பொன்னுக்கு அனுபவப் புள்ளி உண்டு. அதனால் எல்லாரும் பொன் தேடிப் போனார்கள். 2012இல் சேஜ் லட்டோராவும் அடம் கோபலும் எழுதிய டன்ஜன் வேர்ல்டில் பகடை பிழைத்தாலும் புள்ளி கிடைக்கும். அங்கே ஆட்கள் துணிந்து முயன்று பார்க்கிறார்கள். எண்ணப்படுவது எதுவோ அதைத்தான் மேசை தேடும்.

நான் முதலில் பிடித்த மீனைக் கிலோவில் எண்ணினேன். மூன்றாம் கிழமை எங்கள் கற்பனைக் களப்பில் மீனே இல்லை. எல்லாரும் வலைக்கண்ணைச் சிறிதாக்கி, பொரித்துக் கொஞ்சநாளான குஞ்சையும் வாரிவிட்டார்கள். ஒருவரோடொருவர் பேசவும் இல்லை. பேச்சுக்குப் புள்ளி இல்லையே.

இப்போது கைமாற்றை எண்ணுகிறோம். ஒருவருக்கு உதவி செய்தால் அவர் உங்களுக்கு ஒரு புளியங்கொட்டை தருவார். பிறகு உங்களுக்குத் தேவைப்படும்போது அதைத் திருப்பிக் கொடுத்து அவரிடம் கேட்கலாம், அவர் மறுக்க முடியாது. கொட்டைகளைச் சேர்த்து வைப்பதால் பயனில்லை. இந்த மாற்றத்துக்குப் பிறகு மேசையில் கதை பெருகியது. தோணி இரவல், வட்டியில்லாத கடன், ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் மீன் என்று ஓர் ஊர் உருவானது.

நான்காவது: வரைபடம் யாருடையது?

எவரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட தி குவையட் இயர் என்ற ஆட்டத்தில் யாருக்கும் தனிப் பாத்திரம் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஓர் ஊரின் ஓராண்டை ஆடுகிறார்கள். 52 காட்ஸ் கொண்ட ஒரு கட்டு. நான்கு வகையும் நான்கு பருவங்கள். ஒரு காட் ஒரு கிழமை. ஒவ்வொரு கிழமையும் ஊரின் படத்தில் ஏதாவது வரையப்படும். பொதுவாகப் பேச வேண்டிய விடயம் வந்தால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தரம், ஒன்றிரண்டு வசனம் மட்டும் பேசலாம். அதன் பிறகு முடிவு எதுவும் எடுக்கப்படுவதில்லை. மனக்கசப்பு இருந்தால் ஒரு வில்லையை எடுத்துத் தன் முன்னால் வைக்கலாம்.

முடிவெடுக்காத கூட்டத்தால் என்ன பயன் என்று நானும் கேட்டேன். முகத்துவாரத்தைப் பற்றி ஆடியபோதுதான் புரிந்தது. மட்டக்களப்புக் களப்பு வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளும். மாரியில் தண்ணீர் ஏறும்போது பாலமீன்மடுப் பக்கம் முகத்துவார மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல் மூழ்குகிறவருக்கு ஒரு அவசரம். களப்பில் வலை போடுகிறவருக்கு வேறு கணக்கு. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சல்ல.

எங்கள் மேசையில் படுவான்கரையில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருத்தி. களப்பில் தொழில் செய்யும் வீட்டுப் பொடியன் ஒருவன். ஆளுக்கு இரண்டு வசனம். முடிவில்லை. அவன் பேசாமல் ஒரு வில்லையை எடுத்து வைத்தான். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்: "வாய் வெட்டுற நாள் எங்கட வீட்டில சந்தோசம் அண்ணா. இவங்கட வீட்டில அப்படி இல்லையாமே. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது." முடிவு எடுக்கச் சொல்லியிருந்தால் இருவரும் வாதாடி இருப்பார்கள். விதி அதைத் தடுத்ததால் கேட்டார்கள்.

ஐந்தாவது: எங்கே நிறுத்துவது?

பாத்திரமேற்பு ஆட்டத்தில் கதை எங்கே போகும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் நிறுத்தும் விதிகள் வந்தன. ரான் எட்வர்ட்ஸ் 'கோடு', 'திரை' என்ற இரண்டை முன்வைத்தார். கோடு என்றால் அந்த விடயம் கதைக்குள் வரவே கூடாது. திரை என்றால் நடந்தது என்று தெரிந்தால் போதும், காட்டத் தேவையில்லை. ஜோன் ஸ்டாவ்ரோபோலஸ் எக்ஸ் அட்டையைக் கொண்டுவந்தார். மேசை நடுவில் எக்ஸ் எழுதிய ஓர் அட்டை; யார் தொட்டாலும் அந்தக் காட்சி நிற்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

இது உண்மையை மூடி மறைப்பது என்று என் நண்பர் ஒருவர் வாதிடுவார். பேசாமல் இருந்தது போதும், இனியாவது பேச வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் எங்கள் மேசையில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1990 என்று ஆண்டைச் சொன்னாலே ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு இழப்பு நினைவுக்கு வரும். நிறுத்தலாம் என்று தெரிந்தால்தான் ஒருவர் தொடங்கத் துணிவார். நிறுத்த வழியில்லாத பேச்சை எங்கள் சனம் வேறு இடங்களில் போதுமான அளவு பேசியிருக்கிறது. அதற்கு விசாரணை என்று பெயர்.

எக்ஸ் அட்டையில் ஒரு குறை இருக்கிறது. அது மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும். கதவைச் சாத்திய ஓர் அறையை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி அது. எங்கள் வீடுகளில் கதவு சாத்தப்படுவதில்லை. விறாந்தையில் ஆடினால் குசினிக்குக் கேட்கும். வேலிக்கு அப்பாலும் கேட்கும். கூத்துக் களரியைப் போலத்தான். சுற்றி ஊர் இருக்கும். அன்று நொந்துபோனவர் ஆடியவர் அல்ல, கேட்டவர்.

அதனால் எங்கள் அட்டை பாயின் நடுவில் இருப்பதில்லை. வாசற்படியில் வைக்கிறோம். காதில் விழும் தூரத்தில் இருக்கும் யாரும் அதை எடுக்கலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் எல்லாரிடமும் என்ன கதை ஆடப்போகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். 'முந்தி' என்று மொட்டையாகச் சொல்வதும் இல்லை. எந்த ஆண்டு, எந்தக் கரை என்று சொல்லித் தொடங்குகிறோம்.

ஆறாவது: எப்படி முடிப்பது?

கொம்பு முறிந்தால் ஆட்டம் முடிந்தது. என் ஆட்டத்துக்கு அப்படி ஒரு முடிவு இல்லாமல் இருந்தது. கெடுதல் மேல் கெடுதலாகப் போய்க்கொண்டே இருந்தது. ஜோன் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க்கில் ஒரு எளிய கருவி உண்டு. ஒரு வட்டம் வரைந்து அதை நான்காகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரித்து, ஒவ்வொரு துண்டாக நிழற்ற வேண்டும். வட்டம் நிறைந்தால் நடக்க வேண்டியது நடக்கும். கதீரின் ஹைம்ஸும் ஹாகன் செயலியோக்லுவும் 2018இல் வெளியிட்ட டயலெக்ட் என்ற ஆட்டத்தில் ஒரு சிறு சமூகம் தனக்கென ஒரு மொழியை உருவாக்கும். கடைசியில் அந்த மொழி இல்லாமல் போகும் என்பது தொடங்கும்போதே எல்லாருக்கும் தெரியும். முடிவு தெரிந்திருப்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் பெறுமதி கூடுகிறது.

எங்களுக்கு இப்போது ஆறு துண்டு வட்டம். அதற்கு 'தண்ணீர்' என்று பெயர். நிறைந்தால் முகத்துவாரம் வெட்டப்படும். அதன் பிறகு ஒவ்வொருவரும் தன் ஆள் அந்த இரவு எங்கே, யாரோடு இருக்கிறார் என்று ஒரு வசனம் சொல்லி எழும்புவோம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

செலவு அதிகமில்லை. இரண்டு பகடைகள், பென்சில், கடதாசி, ஒரு பிடி புளியங்கொட்டை போதும். விதிகளை முதலிலிருந்து எழுதத் தேவையுமில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. பிளேட்ஸ் இன் த டார்க்கின் அடிப்படை விதிகளும் அப்படிக் கிடைக்கின்றன. மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு அவற்றைத் தமிழில் மாற்றி எழுதலாம், அச்சிடலாம், விற்கலாம். மலேசியாவின் செடெக் சியூவும் ஓவியர் முன் காவோவும் தங்கள் தென்கிழக்காசியத் தீவுகளையும் ஆறுகளையும் வைத்து எ தவுசன்ட் தவுசன்ட் ஐலண்ட்ஸ் என்ற சிறு நூல்களைச் செய்தார்கள். குகையும் டிராகனும் இல்லாமலும் இந்த ஆட்டம் நிற்கும் என்பதற்கு அவை சாட்சி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆட்டத்தை மொழிபெயர்த்தால் சொற்கள் மட்டுமே தமிழாகும். யார் பேசலாம், நட்டத்தை யார் தெரிவது, எதற்குப் புள்ளி, யார் நிறுத்தலாம் என்ற நான்கையும் உங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துத் திரும்பக் கேளுங்கள். விடை ஊருக்கு ஊர் மாறும்.

அந்த அக்கா இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் தானாக வந்து பாயில் இருந்தார். நாங்கள் கேட்கவில்லை. "எனக்கும் ஒரு ஆள் தாங்கவன்" என்றார். தோணிக்காரியாக ஆடப்போவதாகச் சொன்னார். ஆட்டத்துக்கு முன் வழக்கம்போல் கோடுகளைக் கேட்டோம். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல். அங்கே இப்போது தோணிக்கு நிற்க வேண்டியதில்லை. அதனால் துறையையே அழித்துவிடவா என்று அந்தப் பொடியன் அழிறப்பரை எடுத்தான்.

"இல்ல மனே, துறை இருக்கட்டும்" என்றார் அக்கா. "சோதனைதான் வேணாம். மறுகா, தோணிக்குக் காசு ஆரு தருவா?"

பொடியன் தன் முன்னால் இருந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான். ஆட்டம் தொடங்கியது.